பற்றாசு

ஏலூரில் குடியிருப்பவர்களுக்கு 'ஷட்டவுன்' என்றால் என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பெரியாற்றின் கிளைகளுக்கு நடுவே தீவாகக் கிடக்கும் இந்த ஊரில் ஆலைகள்தான் காலண்டர். திருச்சி சேஷசாயி சகோதரர்கள் 1943-ல் ஆரம்பித்த உர ஆலை, கன்னியாகுமரி, கொல்லம் கடற்கரைகளின் மோனசைட் மணலைப் பிரிப்பதற்காக 1952-ல் நேரு திறந்துவைத்த அருமண் ஆலை, பின்னால் வந்த பூச்சிமருந்து, ரசாயன ஆலைகள் என்று எல்லாமே இரவு பகல் ஓடுவதற்காகக் கட்டப்பட்டவை. அவ்வப்போது ஒவ்வொன்றும் முறை வைத்து நிற்கும். அப்போது தமிழ்நாட்டிலிருந்து வெல்டர்களும் ஃபிட்டர்களும் வந்து இறங்குவார்கள். லாட்ஜில் இடம் இருக்காது. டீக்கடையில் தமிழ் அதிகம் கேட்கும். குழாய்களைத் திறப்பார்கள், வால்வுகளைக் கழற்றுவார்கள், அரித்துப்போன தகட்டை வெட்டியெடுத்துவிட்டுப் புதுத் தகடு வைப்பார்கள். ஓடும்போது செய்ய முடியாத புது வேலைகளையும் அந்தச் சில வாரங்களுக்குள் திணித்துவிடுவார்கள்.

உலகத்தின் மிகப் பெரிய யந்திரத்துக்கும் இதே கதைதான். ஜெனீவாவுக்குப் பக்கத்தில், சுவிட்சர்லாந்து - பிரான்ஸ் எல்லைக்கு அடியில், 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள சுரங்கத்தில் இருக்கிறது அது. செர்ன் ஆய்வு நிலையத்தின் எல்.எச்.சி. என்ற துகள் முடுக்கி. அட்டவணைப்படி அதற்கு 2026-ன் நடுவில் தொடங்கி 2030 வரை நீளும் ஷட்டவுன். இதற்கு முன்னால் இரண்டு நீண்ட ஷட்டவுன்கள் நடந்திருக்கின்றன. அவற்றுக்கும் முன்னால் ஒன்று, யாரும் திட்டமிடாமல், 2008-ல் வந்தது. அந்த விபத்தில் இந்தியச் சரக்கும் அடிபட்டது. நம் பத்திரிகைகளோ அந்தக் கதையைப் பாதியோடு விட்டுவிட்டன. கோளாறு ஏற்பட்டது என்று எழுதினோம். எப்படிச் சரி செய்தார்கள் என்பது செய்தியாகத் தோன்றவில்லை போலும்.

யந்திரம் என்ன செய்கிறது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹைட்ரஜன் அணுவின் கருவான புரோட்டான்களைக் கற்றை கற்றையாக எடுத்து, எதிரெதிர்த் திசைகளில் சுழலவிட்டு, நான்கு இடங்களில் மோதவிடுகிறது. மோதலில் சிதறி வருபவற்றைப் பார்ப்பதற்கு அந்த நான்கு இடங்களிலும் மாடிக்கட்டடம் அளவுக்கு உணர்கருவிகள் நிற்கின்றன. வேகமாகப் போகும் புரோட்டான் நேர்கோட்டில்தான் போக விரும்பும். அதை வட்டத்தில் வளைத்துக்கொண்டே இருப்பதற்கு 1,232 பெரிய மின்காந்தங்கள். ஒவ்வொன்றும் 15 மீட்டர் நீளம், 30 டன்னுக்கு மேல் எடை. அவற்றின் கம்பிச் சுருள்களில் முழுத் திறனில் கிட்டத்தட்ட 12,000 ஆம்பியர் மின்சாரம் ஓடவேண்டும். நம் வீட்டில் டிவிக்கு உள்ள பிளக் 5 ஆம்பியர். இவ்வளவு மின்சாரத்தைச் சாதாரணச் செம்புக் கம்பியில் விட்டால் உருகி வழிந்துவிடும். அதனால் மீகடத்தி என்னும் வகைக் கம்பி. அதைத் திரவ ஹீலியத்தில் மூழ்கடித்து மைனஸ் 271 டிகிரிக்குக் குளிர்வித்தால் மின்தடை அடியோடு மறைந்துவிடும். விண்வெளியின் வெறுமையைவிடச் சற்று அதிகமான குளிர் அது.

காந்தங்கள் தனித்தனியாகத்தான் வந்து சேர்ந்தன. சுரங்கத்துக்குள் ஒன்றோடொன்று கோக்கும்போது ஒரு காந்தத்தின் கம்பியை அடுத்த காந்தத்தின் கம்பியோடு இணைக்கவேண்டும். இரண்டு நுனிகளையும் ஒரு சாண் நீளம்கூட இல்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, செம்புக் கூட்டுக்குள் அடக்கி, நடுவில் வெள்ளீயமும் வெள்ளியும் கலந்த உலோகத்தைச் சூட்டில் உருக்கிவிடுகிறார்கள். இப்படிப் பத்தாயிரத்துக்கு மேல் இணைப்புகள்.

அப்படி உருக்கி ஒட்டும் உலோகத்துக்குத் தமிழில் என்ன? மொழிபெயர்ப்பே பிழைப்பு என்பவனுக்கு இது சாதாரணக் கேள்வி இல்லை. 'சாலிடர்' என்று எழுதிவிட்டுப் போகலாம், ரேடியோ ரிப்பேர்க் கடையில் அதுதான் சொல். தட்டானைக் கேட்டால் பொடி வைத்து ஊதுவது என்பார். பேச்சில் பொடி வைப்பதும் அங்கிருந்து வந்ததுதான் என்பார்கள். மலையாளத்தில் 'விளக்கிச் சேர்க்குக' என்பது வழக்கு. எங்கள் யாப்பிலக்கண ஆசிரியர் இன்னொரு சொல் சொல்லித் தந்திருக்கிறார். நேரிசை வெண்பாவில் முன்னுள்ள குறட்பாவின் கடைசிச் சீரும் அதற்கடுத்த தனிச்சொல்லும் ஓசையில் ஒட்டாமல் நின்றால், நடுவே ஓரிரண்டு அசைகளைச் சேர்த்து ஒட்டவைப்பார்கள். அந்த அசைகளுக்கு 'ஆசு' என்று பெயர். உலோகத் துண்டுகளைப் பற்றவைப்பதும் ஆசுதான், பற்றாசு. அகராதியைப் பார்த்தால் ஆசு என்பதற்குக் குற்றம் என்றும் ஒரு பொருள் இருக்கிறது. எல்.எச்.சி.யைப் பொறுத்தவரை இரண்டு பொருளும் ஒரே இடத்தில் வந்து நின்றன.

2008 செப்டம்பர் 10-ஆம் தேதி காலை முதல் கற்றை வளையத்தைச் சுற்றி வந்தது. உலகத் தொலைக்காட்சிகள் எல்லாம் அங்கே இருந்தன. பூமியையே விழுங்கும் கருந்துளை உண்டாகிவிடும் என்று நம்மூரில்கூடப் பயந்தவர்கள் உண்டு. அதெல்லாம் நடக்கவில்லை. ஒன்பது நாள் கழித்து, செப்டம்பர் 19 முற்பகலில், வளையத்தின் எட்டுப் பகுதிகளில் ஒன்றில் மின்சாரத்தைப் படிப்படியாகக் கூட்டிச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். கற்றை எதுவும் ஓடவில்லை. மற்றப் பகுதிகள் ஏற்கெனவே இந்தச் சோதனையில் தேறியிருந்தன. 8,700 ஆம்பியரைத் தொட்டபோது இரண்டு காந்தங்களுக்கு நடுவிலிருந்த ஓர் இணைப்பு சூடேறியது.

அந்த இணைப்பின் மின்தடை எவ்வளவு இருந்தது என்று பின்னால் கணக்கிட்டார்கள். சுமார் 200 நானோ ஓம். அதாவது ஒரு ஓமில் கோடியில் இரண்டு பங்கு. சாதாரண மின்வேலையில் இதை யாரும் தடை என்றே சொல்லமாட்டார்கள். ஆனால் ஒழுங்காகப் பற்றவைத்த இணைப்பில் அது ஒரு நானோ ஓமில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். பற்றாசு சரியாக ஓடாத அந்த ஓர் இடம் சூடேறி, மீகடத்தும் தன்மையை இழந்து, வெடித்து, மின்பொறி தாவியது. ஹீலியம் இருந்த கூடு துளைபட்டது.

அதற்குப் பிறகு நடந்தது மின்சாரத்தின் வேலை இல்லை, குளிர் ஹீலியத்தின் வேலை. காந்தங்களைச் சுற்றி, சூடு உள்ளே வராமலிருக்க, தெர்மாஸ் பிளாஸ்கில் இருப்பதுபோல ஒரு வெற்றிடம் உண்டு. திரவ ஹீலியம் அந்த வெற்றிடத்துக்குள் பாய்ந்து ஆவியாகிப் பெருகியது. அழுத்தத்தை வெளியே விடும் வால்வுகள் விநாடிக்கு இரண்டு கிலோ ஹீலியம் வந்தால் சமாளிக்கும் அளவுக்கு வைக்கப்பட்டிருந்தன. வந்தது அதுபோல் பத்து மடங்கு. அழுத்தம் தாங்காமல் டன் கணக்கான காந்தங்கள் நகர்ந்தன, சில இடங்களில் அரை மீட்டர் வரைக்கும். ஆறு டன் ஹீலியம் சுரங்கத்தில் கலந்தது. புரோட்டான் ஓடவேண்டிய குழாய்க்குள், தூசுகூட இருக்கக்கூடாத இடத்தில், கரிப்புகை படிந்தது. சோதனை நேரத்தில் சுரங்கத்துக்குள் யாரும் இருக்கக் கூடாது என்பது விதி. அதனால் உயிருக்கு ஆபத்தில்லை.

செர்ன் வெளியிட்ட விசாரணை அறிக்கையில் ஒரு வரி இருக்கிறது. சில இடங்களில் காந்தங்கள் தம்மைத் தாங்கிய ஜாக்குகளிலிருந்து தள்ளப்பட்டன, தரையின் கான்கிரீட்டில் பதித்திருந்த பிடிப்புகளே பெயர்ந்தன என்று. அந்த ஜாக்குகள் எந்த ஊர்ச் சரக்கு என்பதை அந்த வரி சொல்லவில்லை. அவை இந்தியாவிலிருந்து போனவை.

1996-ல் எல்.எச்.சி.க்குப் பணமாக இல்லாமல் பொருளாகவும் உழைப்பாகவும் பங்களிப்பதாக இந்திய அணுசக்தித் துறை ஒப்பந்தம் செய்துகொண்டது. இந்தூரில் இப்போது ராஜா ராமண்ணா பெயரில் இருக்கும் ஆய்வு மையம் அதை முன்னின்று நடத்தியது. போன பொருள்களில் எண்ணிக்கையில் பெரியது ஜாக்குகள்தான். 7,080. லாரிக்கு டயர் மாற்றும் ஜாக்கியின் தூரத்துச் சொந்தம் என்று சொல்லலாம், ஆனால் இது முப்பது டன்னுக்கு மேற்பட்ட காந்தத்தை ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு அளவுக்கு நகர்த்தி நிறுத்தவேண்டும். வளைக்கும் காந்தம் ஒவ்வொன்றின் அடியிலும் மூன்று. இந்தூரிலும் பெங்களூரிலும் செய்தார்கள். அவற்றோடு 1,700-க்கு மேற்பட்ட சிறு திருத்தக் காந்தங்கள் போயின. 5,500 மின்வழங்கிகளும் போயின. இந்த மின்வழங்கிகளின் வேலை வேடிக்கையானது. காந்தத்தின் ஒரு மூலையில் மட்டும் குளிர் விட்டுப்போனால் அந்த இடம் எரிந்துவிடும். அதனால் கோளாறு தெரிந்த கணத்திலேயே காந்தம் முழுவதையும் வேண்டுமென்றே சூடாக்கிச் சுமையைப் பரப்பிவிடவேண்டும். அப்படி மீகடத்தல் அணைந்துபோவதை அவர்கள் 'குவென்ச்' என்கிறார்கள். கொல்லன் பழுக்கக் காய்ச்சிய இரும்பைத் தண்ணீரில் தோய்ப்பதற்கும் ஆங்கிலத்தில் அதே சொல்தான். இங்கே குளிர்ந்தது சூடாகிறது, அங்கே சூடானது குளிர்கிறது. தமிழில் ஒரே சொல்லை இரண்டுக்கும் வைத்தால் படிப்பவர் என்னைத்தான் திட்டுவார்.

இதையெல்லாம்விட, காந்தங்களைச் சுரங்கத்தில் இறக்குமுன் ஒவ்வொன்றாகக் குளிர்வித்துச் சோதிக்கும் வேலையில் நம் எஞ்சினியர்கள், டெக்னீஷியன்கள் நூறு பேர் அளவில் முறைவைத்துப் போய் ஜெனீவாவில் இரவு ஷிஃப்ட் பார்த்தார்கள். செர்ன் வளாகத்தில் 2004-ல் இந்தியா பரிசளித்த ஒரு நடராஜர் சிலை நிற்கிறது. எல்.எச்.சி. பற்றித் தமிழில் வந்த பெரும்பாலான கட்டுரைகளில் அதற்கு ஒரு பத்தி நிச்சயம் உண்டு. ஜாக்குகளுக்கு அந்த பாக்கியம் கிடைத்ததாகத் தெரியவில்லை.

ஜாக்குகள் மேல் குற்றமில்லை. எடையைத் தாங்கவும் நுணுக்கமாக நகர்த்தவும் செய்யப்பட்டவை அவை. பக்கவாட்டிலிருந்து வந்த அந்த அடியை எந்த வடிவமைப்பாளரும் கணக்கில் எடுத்திருக்கவில்லை. பழுதுபார்க்கும்போது அந்த இடங்களில் தரைப் பிடிப்பைப் பலப்படுத்தினார்கள்.

பழுதுபார்ப்பு ஓராண்டுக்கு மேல் ஆனது. முதல் தொல்லை, கிட்டப் போவதே. மைனஸ் 271 டிகிரியில் இருக்கும் மூன்று கிலோமீட்டர் யந்திரத்தை மெல்ல மெல்ல அறைச் சூட்டுக்குக் கொண்டு வரவே வாரக்கணக்கில் ஆகும். அதுவரை திறந்து பார்க்க முடியாது. நம் ஆலை ஷட்டவுனிலும் கொதிகலன் ஆறும்வரை காத்திருப்பார்கள், இங்கே தலைகீழ். பிறகு 53 காந்தங்களைக் கழற்றி மேலே கொண்டுவந்தார்கள். 39 வளைக்கும் காந்தங்கள், 14 குவிக்கும் காந்தங்கள். சிலவற்றைச் செப்பனிட்டார்கள், மற்றவற்றுக்குப் பதில் உபரியாக வைத்திருந்தவற்றை இறக்கினார்கள். கடைசிக் காந்தம் 2009 ஏப்ரல் 30-ஆம் தேதி சுரங்கத்துக்குள் போனது. நாலு கிலோமீட்டருக்கு மேல் கற்றைக் குழாயை உள்ளே துடைத்துக் கரி எடுத்தார்கள். அழுத்தம் வெளியேற நூற்றுக்கணக்கான புதுத் திறப்புகள் வைத்தார்கள். ஒவ்வோர் இணைப்பையும் விடாமல் கண்காணிக்கப் புது மின்னணுப் பாதுகாப்பு, அதற்கு 200 கிலோமீட்டருக்கு மேல் கேபிள்.

எனக்கு இந்தக் கதையில் மறக்க முடியாத இடம் வேறு. விபத்துக்குப் பிறகு பழைய பதிவுகளைப் புரட்டினார்கள். செப்டம்பர் 15-ஆம் தேதி, அதாவது நாலு நாள் முன்னால், அதே பகுதியில் 7,000 ஆம்பியர் ஓட்டியிருந்தார்கள். அப்போதே அந்த இடத்து ஹீலியத்தின் வெப்பநிலை மிகமிகச் சிறிய அளவில் ஏறியிருந்தது. கணக்குப் போட்டால் பத்து வாட் சூடு, பூஜையறை பல்பு ஒன்றின் அளவு. தெர்மாமீட்டர் சரியாகத்தான் அளந்திருக்கிறது, கம்ப்யூட்டர் சரியாகத்தான் பதிந்திருக்கிறது. அதைப் பார்க்கவேண்டும் என்று யாருக்கும் வேலை கொடுக்கப்படவில்லை. தெரிந்த பிறகு அந்த முறையையே ஆயுதமாக்கிக்கொண்டார்கள். மற்றப் பகுதிகளில் மின்சாரத்தை விட்டு எங்கே ஒரு பத்து வாட் ஒளிந்திருக்கிறது என்று தேடினார்கள். அப்படிச் சந்தேகத்துக்குரிய வேறு இணைப்புகளும் அகப்பட்டன.

இன்னொரு சங்கதியும் வெளிவந்தது. பல இணைப்புகளில் மீகடத்திக் கம்பி நன்றாக ஒட்டியிருந்தாலும், ஆபத்துக் காலத்தில் மின்சாரத்தைத் தாங்கிக்கொள்ளவேண்டிய வெளிச் செம்பில் இடைவெளிகள் இருந்தன. உருகிய பற்றாசு வழிந்து போய்விட்டிருந்தது. குறைந்த மின்சாரத்தில் பரவாயில்லை. முழுத் திறனில் ஓட்டினால் இன்னொரு செப்டம்பர் 19 வரலாம்.

பத்தாயிரம் இணைப்புகளையும் அப்போதே திறந்து பார்ப்பதென்றால் மேலும் சில ஆண்டுகள் போய்விடும். திறக்காமல் முழுத் திறனில் ஓட்டுவது சூதாட்டம். பதினைந்து இருபது ஆண்டு காத்திருந்த விஞ்ஞானிகள், பணம் போட்ட அரசுகள், அமெரிக்காவில் சிகாகோ அருகே அப்போது ஓடிக்கொண்டிருந்த போட்டி யந்திரம், இத்தனைக்கும் நடுவில் செர்ன் நிர்வாகம் ஒரு முடிவெடுத்தது. பாதித் திறனில் ஓட்டுவோம். கற்றைக்கு 7 லட்சம் கோடி எலெக்ட்ரான் வோல்ட் என்று திட்டமிட்டதை மூன்றரை லட்சம் கோடியோடு நிறுத்திக்கொள்வோம். (பாதித் திறன் என்றால் புரோட்டானின் வேகம் பாதியாகிவிடும் என்று நினைக்கவேண்டாம். இரண்டிலும் அது ஒளியின் வேகத்தை ஒட்டித்தான் போகிறது. குறைவது ஆற்றல்.) நிறையப் பேருக்கு ஏமாற்றம். என் அபிப்பிராயத்தில் அந்த யந்திரத்தின் வரலாற்றிலேயே மிகத் துணிச்சலான முடிவு இதுதான். 2009 நவம்பர் 20-ல் கற்றை மறுபடி சுற்றியது. 2010 மார்ச் 30 முதல் மூன்றரையில் மோதல்கள், 2012-ல் நாலு. அந்தக் குறைந்த ஆற்றலிலேயே 2012 ஜூலை 4-ஆம் தேதி ஹிக்ஸ் துகளைக் கண்டதாக அறிவித்தார்கள்.

அதற்குப் பிறகுதான் நிதானமாக நிறுத்தி, 2013 முதல் 2015 வரை, பத்தாயிரம் இணைப்புகளையும் ஒவ்வொன்றாகத் திறந்தார்கள். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை அவிழ்த்துத் திரும்பப் பற்றவைத்தார்கள். தேறியவற்றையும் நம்பி விடவில்லை. மின்சாரத்துக்கு மாற்று வழியாக 27,000-க்கு மேற்பட்ட சிறு செம்புத் துண்டுகளை அவற்றின்மேல் ஒட்டினார்கள். வெண்பாவுக்கு இரண்டு அசை போதும். 2015-ல் கற்றைக்கு ஆறரை, 2022-ல் 6.8. இத்தனை ஆண்டுக்குப் பிறகும் முதலில் சொன்ன ஏழைத் தொடவில்லை.

யந்திரம் நிற்கும் காலம் உணர்கருவிக்காரர்களுக்கு அறுவடைக் காலம். மோதல் நடக்கும் இடத்தைச் சுற்றி வெங்காயத் தோல்போல அடுக்கடுக்காக அமைந்திருப்பது உணர்கருவி. ஓடும்போது அதன் பக்கத்தில்கூடப் போக முடியாது. கதிர்வீச்சு அதை நாளுக்கு நாள் தின்கிறது. ஒளிரும் பிளாஸ்டிக் தகடுகள் மங்குகின்றன, கண்ணாடிபோல் இருந்த படிகங்கள் பழுப்பேறுகின்றன, சிலிக்கன் தகடுகளில் கசிவு மின்சாரம் கூடுகிறது.

இதிலும் நம் சரக்கு உண்டு. சி.எம்.எஸ். என்ற உணர்கருவியில் பெரிய காந்தத்துக்கு வெளியே உள்ள ஓர் அடுக்கை மும்பை டாட்டா ஆராய்ச்சி நிலையம் முன்னின்று செய்தது. துகள் பாயும்போது பிளாஸ்டிக் தகட்டில் ஒரு சிறு மினுக்கு. அதைப் பிடித்து மின்துடிப்பாக மாற்ற ஒருவகை ஒளிக்குழல்கள். பக்கத்துக் காந்தத்திலிருந்து சிதறி வரும் புலம் அந்தக் குழல்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. தகடுகளை அப்படியே வைத்துக்கொண்டு, 2013-ல் தொடங்கிய ஓய்வில், குழல்களை மட்டும் எடுத்துவிட்டுக் காந்தத்துக்கு அசையாத சிறு சிலிக்கன் சில்லுகளை வைத்தார்கள். கண் ஆபரேஷனில் லென்ஸ் மாற்றுவதுபோல. சில்லு சந்தைக்கு வந்து பரீட்சையாகித் தேறும்வரை காத்திருந்துவிட்டு மாற்றினார்கள். சந்தைக்கு வந்த அன்றே மாற்றியிருந்தால் இரண்டாம் தடவை திறக்கவேண்டி வந்திருக்கலாம்.

வரப்போகும் ஓய்வில் செய்ய இருப்பது இதைவிட எத்தனையோ மடங்கு பெரியது. கற்றைகளை இன்னும் இறுக்கிப் பிழிந்து, ஒரு தடவை குறுக்கிடும்போதே நிகழும் மோதல்களின் எண்ணிக்கையைச் சராசரி 140 முதல் 200 வரை உயர்த்துவது திட்டம். இப்போது அது அறுபதை ஒட்டி இருக்கிறது. குறுக்கீடுகளோ விநாடிக்கு 4 கோடி வரை. முகூர்த்த நாளில் ஒரே மண்டபத்தில் இருநூறு கல்யாணம் நடந்தால் எந்த மேளம் எந்தத் தாலிக்கு என்று எப்படிப் பிரிப்பது? இடத்தால் மட்டும் முடியாது, நேரத்தாலும் பிரிக்கவேண்டும். அந்த இருநூறும் ஒரே கணத்தில் நடப்பதில்லை, லட்சம் கோடியில் இருநூறு பங்கு விநாடிக்குள் பரவி நடக்கின்றன. அதற்குள்ளும் முன் பின் சொல்லக்கூடிய ஓர் அடுக்கை சி.எம்.எஸ்.ஸில் புதிதாகச் சேர்க்கிறார்கள். பழுப்பேறிய ஓரப் படிகங்களை அப்படியே எடுத்துவிட்டு, 600 சதுரமீட்டர் அளவுக்குச் சிலிக்கன் பரப்பிய கருவியை வைக்கிறார்கள். அறுபது லட்சம் கண்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுப் படிகங்களுக்கு அந்த யோகம் இல்லை. அவை அங்கேயே இருக்கும். 18 டிகிரியிலிருந்து 9 டிகிரிக்குக் குளிர்வித்து, மின்னணுப் பகுதியை மட்டும் மாற்றி, இன்னும் பத்தாண்டு ஓட்டுவார்கள். பழைய காருக்கு எஞ்சினை மட்டும் மாற்றிக்கொள்ளும் நடுத்தர வர்க்க யோசனைதான்.

நேரம் சொல்லும் அந்தப் புது அடுக்கின் நடுப்பகுதியில் இருப்பவை லுட்டீசியமும் இட்ரியமும் சேர்ந்த படிகக் குச்சிகள். ஒளிர்வதற்காக அவற்றில் சிறிதளவு சீரியம் கலக்கப்படுகிறது. சீரியம், ஏலூர்க்காரர்களுக்குப் புதுச் சொல் இல்லை. 1952 முதல் இங்குள்ள அருமண் ஆலை கடல் மணலிலிருந்து பிரித்தெடுத்து வந்தவற்றில் அதுவும் ஒன்று. மண் நம்முடையது, பிரிக்கும் வித்தையும் எழுபது ஆண்டாக நம்மிடம் இருக்கிறது. அதற்கு அப்பால், படிகமாக வளர்த்து, அறுத்து, பளபளப்பாக்கி, கருவிக்குள் வைக்கும் பாதி வழி நமக்கு இன்னும் பெரும்பாலும் பிறர் வீட்டு வேலையாகவே இருக்கிறது. இதை நான் பெருமைக்கும் சொல்லவில்லை, புலம்பவும் இல்லை. இத்தகைய கருவிகளைப் பத்து, பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே யோசித்து வைக்கவேண்டியிருக்கிறது. இப்போது பொருத்தப்போவதற்கான விவாதங்கள் ஹிக்ஸ் அறிவிப்பின் காலத்திலேயே நடந்துகொண்டிருந்தன. அந்த விவாதங்களில் இருந்த மாணவர்கள் இன்று பேராசிரியர்கள். சி.எம்.எஸ். கூட்டுறவில் உள்ள இந்திய நிறுவனங்களில் சென்னை ஐ.ஐ.டி.யும் உண்டு. அங்கே இன்று சேரும் மாணவர் 2030-க்குப் பிறகு வரும் தரவைத்தான் உருப்படியாகப் பார்ப்பார்.

வெளிநாட்டுக் கதையையே சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று தோன்றலாம். கொல்கத்தாவில் நம்முடைய சைக்ளோட்ரான் மையம் இருக்கிறது. அங்கே மீகடத்திக் காந்தத்தோடு கட்டிய பெரிய சைக்ளோட்ரானில் 2009 ஆகஸ்டில் கற்றை உள்ளே சுழன்றது. செய்தி வந்தது, வாழ்த்துகள் வந்தன. ஆனால் கற்றையை வெளியே எடுத்தால்தான் ஆய்வுக்குப் பயன்படும். அது வெளியே வரவில்லை. காந்தப் புலத்தில் சிறிய கோணல். திரும்ப அளந்து, கணக்கிட்டு, திருத்தி, கற்றையை வெளியே கொண்டு வருவதற்கு ஏறக்குறைய பத்தாண்டு ஆகிவிட்டது. பின்வாங்காமல் அதைச் செய்து முடித்த எஞ்சினியர்களை நான் மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் அந்தப் பத்தாண்டில் என்ன தவறு, எங்கே தவறு என்று பொதுமக்கள் படிக்கும்படியாக ஓர் அறிக்கை வந்து என் கண்ணில் பட்டதில்லை. நிபுணர்களின் மாநாட்டுக் கட்டுரைகளில் இருக்கிறது. மக்களுக்கு எதற்கு என்பது நம் வழக்கம்.

தேனி மாவட்டத்தில் பொட்டிப்புரம் மலைக்குள் நியூட்ரினோ உணர்கருவி அமைக்க 2015-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. ஐம்பதாயிரம் டன் இரும்பு, உலகத்திலேயே பெரிய காந்தமாக இருந்திருக்கும். மலையைக் குடைவார்களா, கதிர்வீச்சு வருமா, முல்லைப்பெரியாறு என்ன ஆகும் என்று ஊர்மக்கள் கேட்டார்கள். சில கேள்விகள் நியாயம், சில வீண் பயம். எது எது என்று பொறுமையாக, தமிழில், முன்கூட்டியே சொல்லும் வேலை தாமதமாகவே நடந்தது. வழக்குகள் வந்தன. 2022-ல் அனுமதிக்கமாட்டோம் என்று தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் சொல்லிவிட்டது. 85 டன்னில் ஒரு மாதிரிக் கருவியை மதுரையில் கட்டினார்கள். நியூட்ரினோவால் கதிர்வீச்சு ஆபத்து என்பதை நான் ஒருநாளும் நம்பியதில்லை. ஆனால் இந்த ஊரில் இருந்துகொண்டு, "எல்லாம் பத்திரமாக இருக்கிறது" என்று அதிகாரி சொன்னால் உடனே நம்பவேண்டும் என்று மற்றவர்களுக்கு உபதேசம் செய்ய வாய் வராது. ஏலூரில் ஆலையில் ஏதாவது கசிந்தால் அறிக்கைக்கு முன்னால் மூக்குக்குத்தான் முதலில் தகவல் வரும். பெரியாறு நிறம் மாறினால் மீன் மிதந்த பிறகுதான் பரிசோதனை. செர்ன் தன் 2008 விபத்தின் கணக்கை, 200 நானோ ஓம், பத்து வாட், இரண்டு கிலோ வால்வு என்று தன் பிசகுகளின் எண்களோடு, விபத்து நடந்த சில மாதங்களுக்குள் யார் வேண்டுமானாலும் படிக்கும்படி வெளியிட்டது. எந்தத் தொழிலாளி அந்த இணைப்பைப் பற்றவைத்தார் என்ற பெயர் அதில் இல்லை. பத்தாயிரம் இணைப்பில் ஒன்று பிசகும், பிசகினால் கண்டுபிடிக்கும் வழியை நாம் வைக்கவில்லை என்பதுதான் அதன் சாரம். எனக்கு அந்த யந்திரத்தின் மேல் மரியாதை வந்தது ஹிக்ஸ் துகளால் அல்ல, அந்த அறிக்கையைப் படித்தபோது.

வரப்போகும் ஷட்டவுனில் வளையத்தின் 27 கிலோமீட்டரில் மாற்றப்போவது ஒரு கிலோமீட்டர் சொச்சம்தான். மோதல் இடங்களுக்கு இருபுறமும் புதிய வகைக் காந்தங்கள் வரும். மற்ற இடங்களில் பழைய காந்தங்களே, பழைய இணைப்புகளே, அடியில் இந்தூரும் பெங்களூரும் செய்தனுப்பிய ஜாக்குகளே. பூமி ஓரிடத்தில் நிற்பதில்லை. சுரங்கத்தின் தரை வருடத்துக்கு வருடம் மில்லிமீட்டரின் பங்குகளில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். ஆகவே ஒவ்வொரு ஷட்டவுனிலும் அளவைக்காரர்கள் வளையத்தைச் சுற்றி வந்து, காந்தம் காந்தமாகப் பார்த்து, குனிந்து, ஜாக்கின் திருகைச் சற்றே திருப்பி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போகிறார்கள்.